முதுகுச் சதை

மண்டபம் வடக்குத் துறையில்
நண்டு பிரிக்கும் கொட்டகையில்
எடை எழுதுகிறவள் நான்.
கொடுக்குச் சதைக்கு ஒரு விலை,
முதுகுச் சதைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு.
ஓடு குப்பைக்கு.

போன தையில்
எல்லை தாண்டினார்கள் என்று
பதினாலு பேரைப் பிடித்துப் போனார்கள்.
ஃப்ளோரம்மாளின் மூத்தவன் அதில் ஒருவன்.
மூன்றாம் நாள் காலை
எங்கள் கம்பெனி நாளிதழில் முழுப்பக்கம் பேசியது:
'மீனவர் பக்கம் நிற்கிறோம்.'
கீழே சின்னதாக ஒரு நண்டு, கம்பெனி முத்திரை.
கேட்டின் மேல் இருபதடி ஃப்ளெக்ஸ்.
ஒரு நாள் கதவடைப்பு வேறு.

டீக்கடையில் நம்புவேல் சொன்னான்,
"கம்பெனின்னா இதுல்ல கம்பெனி. வீரம்ல இது."
எல்லோரும் தலையாட்டினார்கள்.
நானும்தான். பொய்யில்லை,
அன்று எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது.
ஐஸ் கம்பெனி, உப்புக் கம்பெனி,
அவர்கள் வாயில் கொழுக்கட்டையா?

சனிக்கிழமை கூலி போட உட்கார்ந்தேன்.
கதவடைத்த நாளுக்கு நேரே
அறுபத்திரண்டு பேருக்கும்
'வரவில்லை' என்று எழுதச் சொன்னார் மேனேஜர்.
"வந்தாங்களே சார். கேட்டுதான் பூட்டியிருந்துச்சு."
"போராட்டம்மா. நாமளும் கொஞ்சம் குடுக்கணும்ல."
நாமளும்.
அறுபத்திரண்டு தடவை எழுதினேன்.
ஃப்ளோரம்மாளின் பெயருக்கு நேரேயும்.

பங்குனியில், வெளிநாட்டில்
கொள்முதல்காரர் ஒருவர் முகம் சுளித்தாராம்.
இரண்டு கண்டெய்னர் நின்றுபோனது.
அது நிசமான அடி, மறுக்கவில்லை.
ஆனால் விழுந்த இடத்தைத் தேடிப் போனால்
கிலோவுக்கு நாலு ரூபாய் குறைந்த கொடுக்குச் சதையில் இருந்தது.
ஜெசிந்தா கட்டாமல் விட்ட சீட்டில் இருந்தது.
கம்பெனியின் மேல் ஒரு கீறல் இல்லை.

அந்தக் காலத்தில்
செத்தவனைப் புரட்டிப் பார்ப்பார்களாம்,
காயம் மார்பிலா முதுகிலா என்று.
மார்பில் என்றால் கல் நடுவார்கள்.
கம்பெனியை எப்படிப் புரட்டுவது?
பதிவெண் இருக்கிறது, பான் கார்டு இருக்கிறது,
சென்னையில் குளிரூட்டிய அறை இருக்கிறது.
மார்பைக் காணோம்.
முதுகும் இல்லை,
அதனால் புறமுதுகு காட்டினாலும் தெரியாது.
இருபது ரூபாய் நண்டுக்குக்கூட
முதுகு இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.
அந்த முழுப்பக்கத்தை மடித்து
ஃப்ளோரம்மாள் கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோனாள்.
மூன்று முறை வாசலிலேயே நிறுத்தியவர்
அன்றைக்கு நாற்காலி போட்டார்.
அந்த நாற்காலி பொய் இல்லை.
அதை வரவில் வைக்கிறேன்,
நன்றி என்று ஒரு தலைப்புப் போட்டு.
வேறு தலைப்பு கேட்காதீர்கள்.

சித்திரையில் விசாரணைக்கு ஆள் வருகிறது என்றதும்
ஃப்ளெக்ஸை இறக்கச் சொன்னார்கள்.
வாட்ச்மேன் சாத்தையா
ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு
"நான் இறக்க மாட்டேன்" என்றார்.
விளக்கமெல்லாம் சொல்லவில்லை.
அவருக்கு அந்தப் பதினாலு பேரில்
சொந்தம் யாரும் கிடையாது.
மறுநாள் கேட்டில் வேறு வாட்ச்மேன்.
ஃப்ளெக்ஸ்? காற்றில் விழுந்துவிட்டது என்றார்கள்.
அன்று ஒரு பனையோலை அசையவில்லை.
இப்போது அது ஐஸ் பெட்டிகளின் மேல் போர்த்திக் கிடக்கிறது.
'நிற்கிறோம்' படுத்திருக்கிறது.

சாத்தையா பெயருக்கு நேரே
'வரவில்லை' என்று எழுதியதும்
இந்தக் கைதான்.

பையன் ஆவணியில் வந்துவிட்டான்.
படகு வரவில்லை.

நேற்று உச்சிப்புளி சந்தையில்
சாத்தையாவைப் பார்த்தேன்.
பனங்கிழங்கு விற்கிறார்.
என்னவோ சொல்ல வாயெடுத்தேன்,
"கட்டு எவ்வளவு?" என்றுதான் வந்தது.
முப்பது என்றார்.
காசை வாங்கிக்கொண்டு
மேலே ஒரு கிழங்கு வைத்தார்,
எண்ணாமல், என்னையும் பார்க்காமல்.